சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்: மெக்கானிக்குகளுக்கும் உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பழைய எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) கார்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளுக்கும், ஆட்டோ எலக்ட்ரீசியன்களுக்கும், அந்தக் கார்களை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும்,

ஒரு கார் ஒரேயடியாக ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை அல்ல. பழுது கண்முன்னே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் அகப்பட்டுவிடும். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பி, மதியம் வெயிலில் நின்றபின் செல்ஃப் மட்டும் அடித்துக்கொண்டே இருந்து, டோ வண்டி வந்து சேரும் நேரத்தில் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிடும் கார்தான் மெக்கானிக்கையும் உரிமையாளரையும் ஒருசேரப் படுத்துவது. பட்டறைக்குள் நுழையும்போது அந்தக் காரில் பழுது இல்லை. இல்லாத பழுது மீட்டரிலும் தெரியாது, ஸ்கேனரிலும் தெரியாது. ஆகவே பழுது வந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எதைப் பார்ப்பது, அந்த நிமிடங்களை வேண்டும்போது எப்படி வரவழைப்பது என்ற இரண்டும்தான் இந்த வேலையின் சாரம்.

இந்தியாவில் எம்.பி.எஃப்.ஐ. கார்கள் பெருகியது 1990-களின் கடைசியில். 1999-இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் டெல்லி வட்டாரத்தில் யூரோ விதிகள் முன்கூட்டியே வந்தன. கார்புரேட்டரை வைத்துக்கொண்டு அந்த வரம்புகளுக்குள் நிற்பது கடினம் என்பதால் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. 1998-இல் வந்த சான்ட்ரோ முதல் நாளிலிருந்தே இன்ஜெக்‌ஷன் வண்டி. மாருதி 800 இரண்டாயிரத்தை ஒட்டி மாறியது. இவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு இருபது, இருபத்தைந்து வயது. பெரும்பாலானவற்றில் இன்ஜின் திடமாகவே இருக்கிறது. மூப்படைந்திருப்பது அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்னப் பொருள்கள்: ரிலேக்குள் இருக்கும் சாலிடர், கனெக்டரின் பின்கள், எர்த் வயரின் முனை, சென்சாருக்குள் சுற்றியிருக்கும் முடிபோன்ற செம்புக் கம்பி. விட்டுவிட்டு வரும் பழுதுகளில் மிகப் பல இந்தச் சில்லறைப் பொருள்களில்தான் குடியிருக்கின்றன. ஆனால் பில்லில் ஏறுவது என்னவோ பெட்ரோல் பம்ப்பும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.எம்.மும்.

முதலில் பிரிக்க வேண்டியது, செல்ஃப் மோட்டார் சுற்றுகிறதா இல்லையா என்பதை. சுற்றவே இல்லை என்றால் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் பற்றிப் பேச வேண்டியதில்லை. பேட்டரி, டெர்மினல், எர்த், செல்ஃபின் சொலினாய்டு, இக்னிஷன் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் லிவரோடு சேர்ந்த நியூட்ரல் சுவிட்ச் ஆகியவற்றோடு விஷயம் முடிந்துவிடும். சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், மறுபடி திருப்பினால் அதே ‘டக்’, ஐந்தாம் முறை சுற்றிவிடுகிறது என்றால் சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் கான்டாக்ட்டுகள் தேய்ந்திருக்கும். ஜப்பானிய வண்டிகளின் டென்சோ செல்ஃபில் இது அடிக்கடி காணப்படுவது. கான்டாக்ட் மட்டும் தனியாகக் கிடைக்கும் இடத்தில் செல்ஃப் முழுவதையும் மாற்றுவது வீண்செலவு.

செல்ஃப் சுற்றும் வண்டியிலும் பேட்டரியைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். முழுச் சார்ஜில் நிற்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. மெதுவாகச் சுற்றும் அளவுக்குத் தெம்பு இருந்தும், அந்த நேரத்தில் வோல்ட்டேஜ் மிகவும் சரிந்தால் ஈ.சி.எம். வேலை செய்யாமல் போகலாம். வண்டி சுற்றுகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவுகட்டுவது இங்கேதான் ஏமாற்றிவிடுகிறது. பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் கேபிளைக் கழற்றி, பச்சை பூத்த முனையைச் சுரண்டி இறுக்குவதுதான் முதல் வேலை.

இனி, செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காத கார். எப்போது பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு உரிமையாளர் ஒழுங்காகப் பதில் சொன்னால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். நீண்ட தூரம் ஓடி, டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்தியபின் மட்டும் அடம்பிடித்தால், இன்ஜினோடு ஒட்டியிருக்கும் மின்சார உறுப்புகள் மீது சந்தேகம் போகும்: கிராங்க் சென்சார், காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைட்டர். இன்ஜின் ஆறியிருந்தும், கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய நாள்களில் மட்டும் என்றால் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ரிலே. இரவு முழுவதும் நின்றபின் காலையில் மட்டும் என்றால் பெட்ரோல் லைனில் அழுத்தம் இறங்குவது அல்லது கூலன்ட் சென்சார். அடைமழைக்கு அடுத்த நாள் என்றால் பிளக் வயரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும். டேங்க்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது என்றால் பம்ப். இவை எதுவும் தீர்ப்பு அல்ல. எங்கே முதலில் கைவைப்பது என்பதற்கான வரிசை, அவ்வளவே. ‘அப்பப்ப ஸ்டார்ட் ஆகல’ என்ற ஒரு வரியை மட்டும் சொல்லி வண்டியை விட்டுப்போகிற உரிமையாளர், மெக்கானிக்கின் ஒரு நாளைத் தின்றுவிடுகிறார்.

பழுது வந்திருக்கும் நிமிடத்தில் கருவி ஏதும் இல்லாமலே பார்க்கக்கூடியவை மூன்று. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, செல்ஃப் அடிக்காமல் நிறுத்த வேண்டும். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். ரேடியோவையும் ஏசியையும் அணைத்துவிட்டுக் காதைப் பின்சீட்டுப் பக்கம் வைத்தால், டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு வினாடி ‘உய்’ என்று ஓடி நிற்பது கேட்கும். லைனில் அழுத்தம் ஏற்றுவதற்காக ஈ.சி.எம். கொடுக்கும் முதல் ஓட்டம் அது. பிறகு செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது கொஞ்சமாவது துள்ளும். இந்த மூன்றும் நல்ல நாளில் எப்படி இருக்கின்றன என்று உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருப்பது அவசியம். சில கார்களில் செல்ஃப் சுற்றிய பிறகே பம்ப் ஓடும். சில கார்களில் முள் நல்ல நிலையிலும் அசையாது. நல்ல நாளைக் கவனிக்காதவருக்குக் கெட்ட நாளில் எதுவும் புலப்படாது.

விளக்கே எரியவில்லை என்றால் ஈ.சி.எம்.முக்கு மின்சாரம் போகவில்லை என்று பொருள்: மெயின் ரிலே, அதன் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், ஈ.சி.எம்.மின் எர்த். விளக்கு எரிகிறது, பம்ப் மட்டும் மௌனம் என்றால் பம்ப் ரிலே, ஃபியூஸ், வயர், பம்ப். விளக்கும் பம்ப்பும் சரி, முள் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் கிராங்க் சென்சாரின் சிக்னல். எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் ஒரு பிளக் வயரில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கும் பழக்கம் கார்புரேட்டர் காலத்தோடு போயிருக்க வேண்டியது. இந்த இக்னிஷன்களில் 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும். எர்த் கிடைக்காத ஸ்பார்க் இக்னைட்டரையும் கொன்றுவிடும். இன்ஜெக்டர் கனெக்டரில் அதற்கென்று விற்கும் சின்ன டெஸ்ட் பல்பைச் செருகினால், செல்ஃப் அடிக்கும்போது மினுக்க வேண்டும். ஹெட்லைட் பல்பை அந்த இடத்தில் வைக்கக் கூடாது. அது இழுக்கும் கரண்ட் ஈ.சி.எம்.முக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும்.

ஸ்பார்க் இருந்து பெட்ரோல் இல்லையென்றால் பெட்ரோல் பக்கம். பெட்ரோல் இருந்து ஸ்பார்க் இல்லையென்றால் காயில், இக்னைட்டர் பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: ஈ.சி.எம்.முக்கு வரும் மின்சாரம் அல்லது கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தி கிராங்க் சென்சாரிலிருந்து வராவிட்டால் ஈ.சி.எம். ஸ்பார்க்கும் கொடுக்காது, இன்ஜெக்டரையும் திறக்காது, பம்ப்பையும் ஓடவிடாது. விபத்தில் இன்ஜின் நின்றபின் பெட்ரோல் பாய்ந்துகொண்டிருக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. பம்ப் ஓடவில்லை, ஆகவே பம்ப் போய்விட்டது என்று முடிவெடுத்தவர்கள் புதுப் பம்ப்பைப் போட்டும் அதே இடத்தில் நின்றது இதனால்தான்.

ரிலே விஷயத்தில் கொஞ்சம் நிற்பது தகும். 1980, 90-களின் ஹோண்டா கார்களில் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சிறு பெட்டி இருக்கும். மெயின் ரிலே என்று பெயர். ஒரே பெட்டிக்குள் இரண்டு ரிலேக்கள். ஒன்று சாவி ஆன் ஆனதும் ஈ.சி.எம்.முக்கும் இன்ஜெக்டர்களுக்கும் மின்சாரம் கொடுக்கும், மற்றது ஈ.சி.எம். சொல்லும்போது பம்ப்புக்குக் கொடுக்கும். வெயிலில் நின்ற காருக்குள் உட்கார முடியாத சூடு இருக்கும்போது இந்தப் பெட்டியும் அதே சூட்டில் இருக்கிறது. உலகெங்கும் ஹோண்டா உரிமையாளர்கள் இந்த ஒரு பழுதோடு போராடியிருக்கிறார்கள். கோடையில் கடைக்குப் போய்த் திரும்பினால் வண்டி பிடிக்காது. கதவுகளைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் பிடிக்கும்.

பெட்டியின் மூடியைக் கழற்றிச் சர்க்யூட் பலகையைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் காரணம் தெரியும். ரிலேயின் தடித்த பின் ஒவ்வொன்றும் பலகையைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் சாலிடர் ஒரு சிறு குன்றாக நிற்கும். நல்ல சாலிடர் பளபளப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும். கெட்டதில் பின்னைச் சுற்றி மயிரிழை போல ஒரு கரு வளையம் ஓடும். சாலிடர் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறியதில் பின்னும் பலகையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, நடுவில் இருந்த சாலிடர் களைத்து விரிசல் விட்டதன் அடையாளம் அந்த வளையம். குளிரில் இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும். பழைய சாலிடரை உறிஞ்சி எடுத்து, ஃபிளக்ஸ் தடவிப் புதுச் சாலிடர் வைத்தால் ரிலே பழையபடி வேலை செய்யும். பழையதன் மேலேயே இன்னொரு சொட்டு வைப்பது சில மாதம் தாங்கும், அவ்வளவுதான். இதே விரிசல் வோல்வோ 240-இன் பம்ப் ரிலேயிலும் பழைய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபின் ரிலேயிலும் பேர்பெற்றது. கம்பெனி எதுவானாலும் பலகையில் சாலிடர் வைத்த ரிலேக்கு வயதானால் இதை எதிர்பார்க்கலாம். டிவி ரிப்பேர் செய்பவர்கள் இதை ‘டிரை சாலிடர்’ என்பார்கள். மெக்கானிக்குக்குச் சாலிடரிங் அயர்ன் பழக்கம் இல்லையென்றால் பக்கத்துக் கடை டிவி மெக்கானிக்கிடம் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. இந்த வேலையில் அவர் கை தேர்ந்தது.

கிராங்க் சென்சாரின் கதையும் சூட்டின் கதைதான், ஆனால் வேறு சூடு. ஓடும் இன்ஜினைக் கூலன்ட்டும் காற்றும் குளிர்விக்கின்றன. நிறுத்தியதும் அந்த இரண்டும் நின்றுபோகும். பிளாக்கில் தேங்கிய சூடு வெளியே பரவி, சுற்றியிருக்கும் உறுப்புகளை ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சுடவைக்கும். நிறுத்தியபின் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிவரை இந்தக் கட்டம். சென்சாருக்குள் செம்புச் சுருளில் எங்கோ ஓர் இழை அறுந்து முனையோடு முனை தொட்டுக்கொண்டிருந்தால், இந்தக் கட்டத்தில்தான் விலகும். ஒரு மணி நேரம் கழித்து மீட்டரை வைத்தால் புத்தகத்தில் சொன்ன ஓம்கள் அச்சுப்பிசகாமல் காட்டும். ஆறிய சென்சாரின் ஓம் அளவை நம்பி அதை நல்லது என்று தீர்ப்பளிப்பது இந்தப் பழுதில் நடக்கும் மிகப் பெரிய பிழை. இரண்டு வயர் காந்தச் சென்சாரானால், பழுது வந்த நேரத்தில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடித்து, சிக்னல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று வயர் ஹால் சென்சாரில் முதலில் அதற்கு வரவேண்டிய மின்சாரத்தையும் எர்த்தையும் பார்த்துவிட்டுத்தான் சிக்னலைத் தேட வேண்டும். ஈரத்துணியால் சென்சாரை மட்டும் குளிரவைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டால் சாட்சி பலமானது. சென்சாரின் முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளையும், கனெக்டருக்குள் கசிந்த ஆயிலையும் மாற்றுவதற்கு முன்னமே துடைத்துப் பார்ப்பது நியாயம்.

சூட்டில் மட்டும் சாகும் உறுப்பு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. ஃபோர்டு 1983-இலிருந்து 1990-களின் நடுப்பகுதிவரை பல மாடல்களில் டி.எஃப்.ஐ. என்ற இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே பொருத்தியது. சூடேறியதும் அது கைவிடும். இன்ஜின் ஓட்டத்திலேயே நிற்கும், அல்லது பிடிக்காது. ஆறினால் சரியாகிவிடும். பட்டறையில் சோதித்தால் பழுது தெரியாது. 2000-இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி, கம்பெனி இந்தக் குறையை மறைத்தது என்று முடிவு சொல்லிக் கார்களைத் திரும்ப அழைக்க உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அத்தனை ஆண்டு அந்த வண்டிகளைச் சோதித்து ‘ஒன்றும் இல்லை’ என்று திருப்பி அனுப்பிய மெக்கானிக்குகள் திறமையில்லாதவர்கள் அல்லர். ஆறிய மாட்யூலைச் சோதித்தார்கள்.

பம்ப்புக்கு வருவோம். பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலில் இருக்க வேண்டிய அழுத்தம் பெரும்பாலும் 2.5-இலிருந்து 3.5 பார்வரை, சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். கேஜை மாட்டி அதைப் பார்க்காமல் பம்ப்பைக் குற்றம் சொல்லக் கூடாது. பம்ப் மௌனமாக இருக்கும் நிமிடத்தில் பின்சீட்டைத் தூக்கி, டேங்க்கின் மேலிருக்கும் கனெக்டரில் மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா என்று பார்ப்பதுதான் தீர்மானமான சோதனை. இரண்டும் வந்தும் ஓடவில்லை என்றால் பம்ப்தான் கெட்டிருக்கிறது, பெரும்பாலும் பிரஷ் தேய்ந்து. டேங்க்கின் அடியில் கையால் ஒரு தட்டு தட்டினால் ஓடத்தொடங்குவதும் அதைத்தான் சொல்கிறது. மின்சாரம் வரவில்லை என்றால் புதுப் பம்ப்பும் ஓடப்போவதில்லை. அந்தக் கனெக்டரின் பின்கள் கருகி, பிளாஸ்டிக் உருகியிருப்பதும் சாதாரணம்.

காலையில் மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும் வண்டியில் சாவியை இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்துவிட்டுப் பிறகு அடித்தால் உடனே பிடிக்கிறதா என்று பார்க்கலாம். பிடித்தால் இரவில் அழுத்தம் இறங்கியிருக்கிறது: பம்ப்பின் செக் வால்வு, ரெகுலேட்டர், அல்லது சொட்டும் இன்ஜெக்டர். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ்களையும் அதே மூச்சில் வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. பெட்ரோல் லைனைக் கழற்றும்போது பேட்டரியின் மைனஸைக் கழற்றியிருக்க வேண்டும், அருகே தீயணைப்பான் இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் தள்ளுபடி கிடையாது.

அழுத்தம் இறங்கிப் பெட்ரோல் குறைவதற்கு நேர்மாறான பழுது, பெட்ரோல் அதிகமாகப் போவது. கூலன்ட் சென்சார் ஆறிய நிலையில் சில ஆயிரம் ஓம்களும், இன்ஜின் சூடானதும் சில நூறு ஓம்களும் காட்டும். அதன் வயர் அறுந்தால் ஈ.சி.எம். பார்ப்பது முடிவில்லாத ஓம். கடுங்குளிர் என்று அது நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கொட்டும். பிளக்குகள் நனைந்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பெரும்பாலான ஈ.சி.எம்.கள் இன்ஜெக்டர்களை மூடிவிடும். அப்படி அடித்ததும் இருமிக்கொண்டு வண்டி பிடித்தால் குறை பெட்ரோல் பற்றாமை அல்ல என்று தெளிவாகும்.

நம் ஊர் வண்டிகளில் கம்பெனி வயரிங்கைவிட அதிகமாகச் சந்தேகப்பட வேண்டியது பிறகு சேர்த்தவற்றை. கடையில் பூட்டிய ரிமோட் லாக், திருட்டு அலாரம் இவற்றில் இக்னிஷனையோ பம்ப்பையோ துண்டிக்கும் ஒரு ரிலே இருக்கும். வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். பத்து வருட வெயிலில் டேப் கழன்று, முறுக்கிய இடம் கறுத்திருக்கும். எல்.பி.ஜி. கிட் போட்ட வண்டியில் பெட்ரோல் இன்ஜெக்டர்களைத் துண்டிக்கும் எமுலேட்டர் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அது கெட்டால் பெட்ரோலில் வண்டி பிடிக்காது, பழி இன்ஜெக்டர் மீது விழும். எப்போதும் கேஸிலேயே ஓட்டுவதால் டேங்க்கில் மாதக்கணக்கில் கிடந்து கெட்டுப்போன பெட்ரோலும் உண்டு. எலி கடித்த வயரைச் சொல்லவே வேண்டாம். பழுது தேடும்போது இத்தகைய சேர்க்கைகளைக் கழற்றி, கம்பெனி வயரிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குவது பாதி வேலையை முடித்துவிடும். சிப் சாவி உள்ள வண்டியில் சாவி அடையாள விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், வேறு எதையும் தொடுவதற்குமுன் இன்னொரு சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே வளையத்தில் இரண்டு சிப் சாவிகளைக் கோத்து வைத்திருந்தாலும் குழப்பம் வரும்.

வயரைச் சோதிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒரே இழை மிஞ்சியிருக்கும் வயரிலும் டிஜிட்டல் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டருக்குத் தேவைப்படும் கரண்ட் அவ்வளவு குறைவு. பம்ப்புக்கோ ஐந்தாறு ஆம்பியர் வேண்டும். ஆகவே பம்ப்பின் கனெக்டரைப் பிரித்து, அந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டிப் பார்க்க வேண்டும். பல்பு பிரகாசமாக எரிந்தால் வயர் நல்லது. மங்கினால் எங்கோ நசிந்திருக்கிறது. மின்சாரம் கொடுக்கும் வயர்களுக்கு மட்டுமே இந்தச் சோதனை. சென்சார், ஈ.சி.எம். வயர்களில் பல்பு கூடாது.

பழுது தானாக வராவிட்டால் வரவழைக்க வேண்டும். ரிலேக்கும் சென்சாருக்கும் ஹேர் டிரையர் காற்று, பிளக் வயருக்கும் காயிலுக்கும் தண்ணீர் ஸ்பிரே, ஹார்னெஸ்ஸுக்குக் கையால் மெல்லிய ஆட்டல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தால்தான் எதில் நின்றது என்று தெரியும். இதற்கும் மசியாத வண்டிக்கு ஒரு நல்ல வழி உண்டு: பம்ப்புக்குப் போகும் வயரிலிருந்தும் இன்ஜெக்டர்களுக்கு மின்சாரம் தரும் வயரிலிருந்தும் சிறு ஃபியூஸோடு ஒவ்வொரு வயர் இழுத்து, டாஷ்போர்டில் இரண்டு சின்ன விளக்குகளை வைத்து உரிமையாளரிடம் வண்டியைக் கொடுத்துவிடுவது. அடுத்த முறை நிற்கும்போது எந்த விளக்கு எரியவில்லை என்று அவர் போனில் சொன்னால் போதும். செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

ஸ்கேனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓ.பி.டி. 2 என்ற பொதுவான பழுதறி முறை அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம், இந்தியாவில் அது 2013 ஏப்ரலில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் கம்பெனிக்கே உரிய கனெக்டர் இருக்கும். சிலவற்றில் இரண்டு பின்களை வயரால் இணைத்துவிட்டுச் செக் இன்ஜின் விளக்கு மினுக்குவதை எண்ண வேண்டும். பழைய ஹோண்டாவில் நான்கு முறை மினுக்கினால் கிராங்க் சென்சார், ஓ.பி.டி. 2-இல் அதற்குப் பி 0335 என்ற பழுதுக் கோடு. கோடு வந்தால் அந்த உறுப்பையும் அதன் வயரையும் சேர்த்துத்தான் அது குறிக்கிறது. கோடு வரவில்லை என்பதாலேயே குறை இல்லை என்று ஆகாது. ஈ.சி.எம்.முக்கே மின்சாரம் போகாத நேரத்தில் அது எதைப் பதிவுசெய்யும்? பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் பதிவான கோடும் அழிந்துவிடும். அதனால் கோடைப் படித்து எழுதிவைத்த பிறகே பேட்டரியில் கைவைக்க வேண்டும்.

நம் ஊரில் மெக்கானிக் ஒருவர், எலக்ட்ரீசியன் வேறொருவர். இந்தப் பழுது இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. மெக்கானிக் பம்ப்பை மாற்றுவார், எலக்ட்ரீசியன் செல்ஃபைப் பிரிப்பார், ஈ.சி.எம். அக்கக்காகக் கழற்றப்பட்டு ஊர் சுற்றி வரும். இருவரும் ஒரே மதியம் ஒரே காரின் முன்னால் நின்றால் தீரும் விஷயத்துக்கு உரிமையாளர் மூன்று முறை பணம் கட்டுகிறார். இதில் உரிமையாளருக்கும் பங்கு உண்டு. பார்ட்ஸுக்குப் பணம் கொடுக்கத் தயங்காத கை, நான்கு மணி நேரம் சோதித்து ஒரு சாலிடரைச் சரிசெய்தவருக்குக் கூலி கொடுக்கும்போது பேரம் பேசுகிறது. சோதிப்பதற்குக் கூலி கிடைக்காத இடத்தில் மாற்றிப் பார்ப்பதுதான் தொழிலாகும்.

ஆகவே, பழைய காரை வைத்திருப்போர் வண்டியில் ஒரு சிறு நோட்டைப் போட்டுவைத்து, வண்டி அடம்பிடிக்கும் ஒவ்வொரு முறையும் நேரம், வெயில், இன்ஜின் சூடு, பெட்ரோல் அளவு, விளக்கு, பம்ப் சத்தம், முள் ஆகியவற்றை அங்கேயே எழுதிவைக்கும்படியும், பழுது தானாக வரும்வரை வண்டியை இரண்டு மூன்று நாள் பட்டறையில் விட்டுவைக்கச் சம்மதிக்கும்படியும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பழுதுபார்ப்போர் எதைச் சோதித்தோம், என்ன அளவு காட்டியது என்பதைப் பில்லில் எழுதி, அந்த உழைப்புக்குத் தனியாகக் கூலி வாங்கி, கழற்றிய பழைய பார்ட்ஸை உரிமையாளரிடமே திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.